ஆள் இருந்தால்தான் மலை

இத்தாலியின் கார்ஃபஞ்ஞானா பள்ளத்தாக்கு: செஸ்நட் தோப்புகள், கோட்டை ஊர்கள், திரும்பத் திரும்பக் காலியான வீடுகள்

பார்கா என்னும் மலையூரின் உச்சியில் ஒரு பழைய கதீட்ரல். அதன் வாசலில் புல்தரை. நவம்பர் நடுவிலும் ஜனவரி கடைசியிலும் சாயங்கால வேளையில் அங்கே நின்று மேற்கே பார்க்க வேண்டும். எதிரே மோந்தே ஃபொராத்தோ, துளைபட்ட மலை. இரண்டு உச்சிகளுக்கு நடுவே மழையும் காற்றும் குடைந்து மிச்சம் வைத்த கல்வளைவு ஒன்று வானத்தில் நிற்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி மறைகிறது. தெருவில் நிழல் விழுந்து குளிர் ஏறத் தொடங்குகிறது. சற்று நேரத்தில் அந்தத் துளை வழியே மறுபடியும் வெளிச்சம் பாய்கிறது. ஒரே மாலையில் இரண்டு அஸ்தமனம்.

டஸ்கனி என்றதும் நாட்காட்டிப் படங்களில் வருவது சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டிய மஞ்சள் மேடுகளும் திராட்சைத் தோட்டங்களும். அது தெற்கு டஸ்கனி. நாம் பேசுவது வடமேற்கு மூலையை. லூக்கா நகரிலிருந்து செர்க்கியோ ஆற்றை எதிர்த்து மேலேறினால் பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே போகும். மேல்பகுதிக்குக் கார்ஃபஞ்ஞானா என்று பெயர். பார்காவும் அதற்குக் கீழே உள்ள ஊர்களும் நிர்வாகக் கணக்கில் ‘நடுப் பள்ளத்தாக்கு’. ஆனால் ஆறு ஒன்று, பசி ஒன்று, பிழைப்பும் ஒன்று என்பதால் இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன்.

மேற்கே அப்புவான் ஆல்ப்ஸ். சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் கூர்கூராக எழும்பிய சுவர் அது. பிசானீனோ சிகரம் 1,946 மீட்டர். கிழக்கே அப்பெனைன் தொடர், உருண்ட தோள்களும் மேய்ச்சல் புல்வெளிகளும் கொண்டது. அதிலுள்ள மோந்தே பிராதோ 2,054 மீட்டர்; டஸ்கனியிலேயே உயரமானது. இரண்டுக்கும் இடையில் நிலம் இழுபட்டு உள்ளிறங்கியதால் உண்டானதுதான் இந்தப் பள்ளம். அந்த இழுவை இன்னும் நிற்கவில்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அப்புவான் சுவரில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, சிகரப் பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. இத்தாலியில் மழை மிகுந்த இடங்களில் இதுவும் ஒன்று. அத்தனை மழையில் மலை முழுக்கப் பச்சை.

அந்தப் பச்சையைப் பார்த்து ‘என்ன அழகான காடு’ என்று சொல்லாத பயணி கிடையாது. ஆனால் சரிவுகளில் நிற்கும் செஸ்நட் மரங்களில் பெரும்பாலானவை மனிதர் நட்டவை, ஒட்டுக்கட்டியவை, தலைமுறை தலைமுறையாகக் கவாத்து செய்தவை. நாம் காடு என்று நினைப்பது பழைய தோப்பு. ஓடைக்கரைகளை மனிதர் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சரிவை வெட்டிப் படிநிலமாக்கியிருக்கிறார்கள். அப்பெனைன் மேட்டுப் புல்வெளிகளில் பெரும்பகுதி ஆடு மேய்த்து மேய்த்து உண்டானது. இந்த மலையின் அழகில் பாதி கைவேலை என்பதையும், கை நின்றுபோனால் அழகும் நின்றுபோகும் என்பதையும் சொல்லவே இந்தக் கட்டுரை. ஏனென்றால் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு, ஆட்கள் வெளியேறியதும் வெளியேற்றப்பட்டதுமான வரலாறு.

முதல் வெளியேற்றம் கி.மு. 180இல் நடந்தது. இந்த மலைகளில் வாழ்ந்த அப்புவானி லிகுரியர்களை அடக்க ரோமாபுரி பட்ட பாடு கொஞ்சமல்ல. சமவெளியில் வெல்லும் படை இந்த இடுக்குகளில் தோற்றது. கடைசியில் ரோமானியர்கள் கண்ட வழி, மலையிலிருந்து மக்களையே பிரித்துவிடுவது. 40,000 ஆண்களைப் பெண்டு பிள்ளைகளோடு தெற்கே சாம்னிய நாட்டுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். செய்தது என்ன என்பதில் சந்தேகமில்லை.

மூன்று கொடிகள், ஒரு கவிஞர்

வரைபடத்தில் இந்த ஊர்களைத் தேடினால் ஆற்றங்கரையில் சிலவே அகப்படும். பெரும்பாலானவை முகட்டில், குன்றின் முடியில், பாறை நெற்றியில் இருக்கின்றன. கீழே வெள்ளம் வரும், படைகள் வரும். மேலே இருந்தால் யார் வருகிறார்கள் என்று தெரியும், சாயும் வெயிலும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். வீடுகளின் பின்சுவரே ஊரின் மதில். தெருக்கள் இரண்டு ஆள் ஒதுங்கிப் போகும் அகலம், படிகளும் வளைவுகளுமாக. தெருக்களின் மேலேயே வீடுகள் பாலம் கட்டி நிற்கும்.

இவ்வளவு மதில் எதற்கு? பள்ளத்தாக்கு மூன்று அரசுகளுக்குள் துண்டாடப்பட்டிருந்தது. 1429 முதல் கார்ஃபஞ்ஞானாவின் பெரும்பகுதி ஃபெர்ராராவிலும் மோதெனாவிலும் ஆண்ட எஸ்தே குலத்தின் கைக்குள் போனது. காஸ்திலியோனே, மினுச்சானோ போன்ற ஊர்கள் லூக்கா குடியரசோடு நின்றன. பார்கா ஃப்ளாரன்ஸின் பக்கம். ஒரே ஆற்றில் தண்ணீர் குடிக்கும் ஊர்களுக்குள் மூன்று சட்டம், மூன்று சுங்கம். ஒரு நாட்டில் கொலை செய்தவன் ஒரு மணி நேரம் நடந்தால் இன்னொரு நாட்டில் நிற்பான். கொள்ளைக்காரர்களுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது?

இந்தக் குழப்பத்தை அடக்க எஸ்தே கோமகன் முதலாம் அல்ஃபோன்சோ 1522இல் அனுப்பிய ஆளுநர் யார் தெரியுமா? லுதொவீக்கோ அரியோஸ்தோ. ‘ஓர்லாந்தோ ஃபுரியோஸோ’ காவியத்தை எழுதியவர். 1516இல் வெளியான அந்தக் காவியம் அவருக்கு ஏற்கெனவே பெரும்புகழ் தேடித் தந்திருந்தது. புகழால் சோறு கிடைக்காது. அரண்மனைச் சம்பளம் வராமல் கிடந்ததால், காதலியை ஃபெர்ராராவில் விட்டுவிட்டுக் காஸ்தெல்நுவோவோ என்ற ஊரின் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1525 வரை இங்கே இருந்தார். அவரிடம் இருந்த வீரர்கள் சொற்பம். கொள்ளைக்கூட்டத் தலைவர்களுக்கு அரண்மனையிலேயே வேண்டியவர்கள் இருந்தார்கள். இவர் பிடித்துக் கொடுத்தால் அங்கே மன்னித்து விடுவார்கள். அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. கற்பனைக் குதிரைகளைப் பறக்கவிட்டவர், ஆட்கள் போதாது, தண்டனை நிறைவேறவில்லை, ஏழைகள் அடிபடுகிறார்கள் என்று கோமகனுக்குத் திரும்பத் திரும்ப எழுதுகிறார். காவியத்தைவிட அந்தக் கடிதங்களில்தான் அரியோஸ்தோ என்ற மனிதரை நெருங்கிப் பார்க்க முடிகிறது என்பேன். நேர்மையான ஓர் அதிகாரி, அதிகாரம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட கதை அது.

அவர் தங்கியிருந்த கோட்டை காஸ்தெல்நுவோவோவின் நடுவில் இன்றும் ‘அரியோஸ்தோ கோட்டை’ என்ற பெயரோடு நிற்கிறது. ஊருக்கு மேலே, பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எஸ்தேக்கள் கட்டிய மோந்தல்ஃபோன்சோ கோட்டை. வடக்கே சான் ரொமானோவுக்கு மேல் வெர்ருக்கோலே கோட்டை. இத்தனை கோட்டைகள் காத்த எல்லைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. 1923 முதல் பள்ளத்தாக்கு முழுவதும் லூக்கா மாகாணம்.

கீழே, போர்கோ அ மொட்ஸானோ அருகில் செர்க்கியோவைத் தாண்டும் மக்தலேனா பாலத்தையும் சொல்ல வேண்டும். சமமில்லாத வளைவுகள்; பெரிய வளைவு ஆற்றிலிருந்து எழும்பி முதுகு கூனி இறங்கும். பதினோராம் நூற்றாண்டில் டஸ்கனியை ஆண்ட மத்தில்தா சீமாட்டி கட்டத் தொடங்கியது என்பது வழக்கு. சாத்தான் ஒரே இரவில் கட்டிக்கொடுத்தான், கூலியாக முதலில் கடக்கும் உயிரைக் கேட்டான், ஊர்க்காரர்கள் ஒரு பன்றியை ஓட்டிவிட்டார்கள் என்பது கதை. அதனால் ‘சாத்தான் பாலம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ரயில்பாதை வந்தபோது கரைப்பக்கத்தில் ஒரு வளைவை மாற்றிக் கட்டினார்கள். மற்றபடி பாலம் பழையபடியே நிற்கிறது.

நாற்பது நாள் நெருப்பு

கோட்டையும் கவிஞரும் வந்து போனவர்கள். மலையில் தங்கி, மக்களைக் காப்பாற்றியது செஸ்நட் மரம். ‘ரொட்டி மரம்’ என்றே இதற்குப் பெயர். கோதுமை விளைய இங்கே சமநிலம் இல்லை. ‘ஃபர்ரோ’ என்னும் பழைய கோதுமையை மேட்டு வயல்களில் விதைத்தார்கள். உமி நீக்கிய அதைப் பயறோடு சேர்த்துக் கொதிக்கவைத்த கஞ்சி இன்றும் இந்தப் பக்கத்து உணவுதான். 1996இல் ஃபர்ரோவுக்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஆண்டு முழுக்க வயிற்றை நிரப்பியது செஸ்நட் மாவு.

வேலை கோடையின் கடைசியிலேயே தொடங்கிவிடும். மரத்தடியில் வளர்ந்த புல், முள், பெரணி எல்லாவற்றையும் அறுத்துச் சுத்தமாக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்டோபரில் உதிரும் காய் கண்ணில் படாது. செஸ்நட்டைப் பறிப்பதில்லை, முள்ளுறை வெடித்துத் தானாக விழும், குனிந்து பொறுக்க வேண்டும். சரிவில் கூடையோடு நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்தார்கள்.

பொறுக்கியதைத் தோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு கல்வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு ‘மெத்தாத்தோ’ என்று பெயர். இரண்டு அடுக்கு. கீழே மண்தரை, நடுவில் நெருப்பு. மேல்தளம் பலகை இல்லாமல் இடைவெளி விட்ட மரச்சட்டங்களால் ஆனது. அதன்மேல் செஸ்நட்டைக் கொட்டிப் பரப்புவார்கள். புகைபோக்கி கிடையாது. செஸ்நட் விறகை எரிய விடாமல், அணையவும் விடாமல், கனன்றுகொண்டே இருக்க வைக்க வேண்டும். புகையும் சூடும் சட்டங்களின் வழியே ஏறிக் காய்களை உலர்த்திக் கூரையோடுகளின் இடுக்கில் கசிந்து வெளியேறும். இப்படி நாற்பது நாள். தீ நாக்கு நீட்டினால் காய் கருகும், மாவு கசக்கும். தணிந்தால் பூஞ்சை பிடிக்கும். இரவிலும் ஒருவர் எழுந்து பார்க்க வேண்டும்.

நெருப்பு இருக்கும் இடத்தில்தானே குளிர்காலத்தில் ஆட்கள் கூடுவார்கள்? மெத்தாத்தோவின் கீழ்த்தளமே ஊரின் மாலைக் கூடம். நூல் நூற்றார்கள், கூடை பின்னினார்கள், கதை சொன்னார்கள், பெண் பார்த்தார்கள். கார்ஃபஞ்ஞானாவின் நாட்டுப்புறக் கதைகளில் எத்தனையோ அந்தப் புகையில் வளர்ந்தவை.

காய்ந்ததும் ஓட்டை உடைத்துத் தோலை ஊதி நீக்கிக் கல் திருகையில் மெதுவாக அரைப்பார்கள். வேகமாக அரைத்தால் கல் சூடேறி மாவின் தன்மை போய்விடும். கிடைப்பது சர்க்கரை சேர்க்காமலே இனிக்கும், லேசான புகைவாசம் கொண்ட மாவு. ‘நேச்சோ மாவு’ என்பது உள்ளூர்ப் பெயர். சூடேற்றிய இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி மெல்லிய அடையாகச் சுடுவார்கள். ரிக்கோத்தா பாலாடையை வைத்துச் சுருட்டித் தின்பார்கள். களியாகக் கிண்டுவார்கள். பாலில் கரைத்துக் கஞ்சியாக்குவார்கள். ரோஸ்மேரி இலையும் பைன் விதையும் தூவி அடுப்பில் வேகவைத்தால் ‘காஸ்தஞாச்சோ’. இன்று அது நகரத்து உணவகங்களில் இனிப்புப் பண்டம். அன்று அதே மாவைக் காலையிலும் மத்தியானத்திலும் இரவிலும் தின்றவர்களுக்கு அது வறுமையின் சுவை. போர்க்காலக் குழந்தைகள் பலர் பெரியவர்களான பிறகு அதை வாயில் வைக்க மறுத்தார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை.

மரத்துக்கும் சோதனைகள் வந்தன. வேரைத் தாக்கும் ‘மை நோய்’ ஒன்று. தோல் பதனிட உதவும் டானினுக்காக மரங்களை வெட்டித் தள்ளிய தொழிற்சாலைக் காலம் ஒன்று. 1938இல் இத்தாலியில் நுழைந்த பட்டைக் கருகல் நோய் இன்னொன்று. 2002இல் பியெத்மோந்தேயில் முதலில் தென்பட்ட ஆசியக் குளவி, மொட்டுகளில் முட்டையிட்டுக் கழலை உண்டாக்கிக் காய்ப்பையே குறைத்துவிட்டது. அதன் இயற்கை எதிரியான இன்னொரு சிறு குளவியை வரவழைத்துத் தோப்புகளில் விட்ட பிறகுதான் மரங்கள் மெல்லத் தேறின. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நோய், தோப்பில் ஆள் இல்லாமல் போனது. கவாத்து செய்யாத மரத்தைச் சுற்றி ஐந்தாறு ஆண்டில் புதர் ஏறுகிறது. காய் புதருக்குள் விழுந்து அழுகுகிறது. படிநிலச் சுவரில் ஒரு கல் சரிந்தால் எடுத்து வைக்க ஆளில்லை. அடுத்த பெருமழையில் சுவரே சரிகிறது.

2004இல் கார்ஃபஞ்ஞானாவின் நேச்சோ மாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிடப் பாதுகாப்பு கொடுத்தது. மெத்தாத்தோவில்தான் உலர்த்த வேண்டும், கல் திருகையில்தான் அரைக்க வேண்டும் என்று விதி எழுதப்பட்டது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பழைய வீட்டுச் சுவரைப் பாதுகாக்கும் சட்டங்கள் ஐரோப்பாவில் ஏராளம். ஒரு வேலையையும் அந்த வேலைக்கான நாற்பது நாள் பொறுமையையும் விதியில் எழுதிக் காப்பது அதைவிட அரிது.

சிலை சுமந்தவர்கள்

செஸ்நட் எல்லாருக்கும் போதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையூர்களின் ஆண்கள் சாந்தில் வார்த்த சிறு சிலைகளைத் தலைப்பலகையில் சுமந்துகொண்டு ஐரோப்பா முழுக்க நடந்தார்கள். புனிதர்கள், பூனைகள், நெப்போலியன், கரிபால்டி என்று எந்த ஊரில் எது விற்குமோ அது. அச்சும் சாந்தும் கையில் இருந்தால் போதும், போன இடத்தில் வார்த்துக்கொள்ளலாம். கொரேலியா அந்தெல்மினெல்லி என்ற ஊரில் இவர்களுக்காகவே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

பார்காக்காரர்கள் பலருக்கு வழி ஸ்காட்லாந்தில் முடிந்தது. சிலை விற்பனை நலிந்ததும் ஐஸ்கிரீம் கடை, பிறகு மீன் வறுவல் கடை. கிளாஸ்கோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் தலைமுறைகள் வேரூன்றின. பாடகர் பாவலோ நுத்தீனியின் குடும்பம் அப்படிப் போனதுதான். இன்று பார்காவின் தெருவில் ஸ்காட்லாந்து உச்சரிப்பில் ஆங்கிலம் கேட்கும், ஒரு மூலையில் பிரிட்டனின் சிவப்பு டெலிபோன் கூண்டு நிற்கும், கோடையில் மீனும் உருளைக்கிழங்கும் வறுத்து விழா எடுப்பார்கள். பத்திரிகைகள் இதை வேடிக்கையாக எழுதுகின்றன. ஆனால் 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டனில் இருந்த இத்தாலிய ஆண்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் பலரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற ‘அரண்டோரா ஸ்டார்’ கப்பலை ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி அயர்லாந்துக்கு அப்பால் மூழ்கடித்தது. இறந்த இத்தாலியர்கள் 400க்கும் மேல். பார்காவில் இருந்து போன கடைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். மீன் விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

புலம்பெயர்ந்தவர்களை இலக்கியத்தில் ஏற்றியவர் ஜொவான்னி பாஸ்கொலி. 1895இல் பார்காவுக்கு அருகே காஸ்தெல்வெக்கியோ என்ற சிற்றூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கை மரியாவோடு குடியேறினார். ஆம்ஸ்டர்டாம் நகரின் லத்தீன் கவிதைப் போட்டிகளில் வென்ற தங்கப் பதக்கங்களை விற்று அந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டார். ஊர்க்காரர்கள் பேசிய சொற்களை, பறவைகளின் பெயரை, வேலைகளின் பெயரை ஆசையாகச் சேகரித்துக் கவிதையில் வைத்தார். பார்காவின் மணியோசை அவர் கவிதையில் கேட்கும். சின்சினாட்டியிலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தை வைத்து ‘இத்தாலி’ என்ற நெடுங்கவிதை எழுதினார். அதில் வரும் மோலி என்ற சிறுமிக்கு ஆங்கிலம்தான் தெரியும். பாட்டிக்கு அந்தப் பேச்சு புரியாது. பேத்தியின் காய்ச்சலும் பாட்டியின் தவிப்பும் இரண்டு மொழிகளுக்கு நடுவே நிற்கின்றன. வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கவிதை விளங்கும். 1912இல் பொலோஞ்ஞாவில் இறந்த பாஸ்கொலியைக் காஸ்தெல்வெக்கியோ வீட்டின் சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஊரும் இன்று காஸ்தெல்வெக்கியோ பாஸ்கொலி என்றே அழைக்கப்படுகிறது.

பள்ளத்தாக்கின் வழியே லூக்காவையும் அவுல்லாவையும் இணைக்கும் ரயில்பாதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போடத் தொடங்கினார்கள். மலையைக் குடைந்து அது முழுமையாகத் திறக்கப்பட்டது 1959இல். அதற்குள் ஏறிப்போக வேண்டியவர்களில் பலர் போய்விட்டிருந்தார்கள்.

1944, கிறிஸ்துமஸ் மறுநாள்

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஜெர்மானியரின் ‘காத்திக் கோடு’ என்னும் தற்காப்பு வரிசை இந்த மலைகளின் குறுக்கே ஓடியது. பார்காவுக்கு மேலே சொம்மோகொலோனியா என்ற சிற்றூரைக் காத்து நின்றது அமெரிக்காவின் 92ஆம் டிவிஷனோடு இணைந்த கறுப்பினப் படைவீரர்கள். டிசம்பர் 26 விடியலில் ஜெர்மன், இத்தாலிய பாசிசப் படைகள் தாக்கின. பீரங்கி நோக்கராக ஒரு வீட்டின் மாடியில் இருந்த லெப்டினன்ட் ஜான் ஃபாக்ஸ், எதிரிகள் வீட்டைச் சூழ்ந்ததும் குண்டுகளைத் தான் இருக்கும் இடத்தின் மேலேயே போடச் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் தயங்கினார். ஃபாக்ஸ் வற்புறுத்தினார். ஊர் மீட்கப்பட்டபோது அவர் உடலைச் சுற்றி எதிரிகளின் உடல்கள் நூறு அளவுக்குக் கிடந்தன என்கிறது அமெரிக்க அரசின் பாராட்டுரை. அந்த நாட்டின் உயரிய வீரப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது 1997இல்தான். கறுப்பினத்தவர் என்பதால் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருப்பு. சொம்மோகொலோனியா மக்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை. முன்பே நினைவுச்சின்னம் வைத்துவிட்டார்கள்.

அமெரிக்க அணி பின்வாங்கியபோது பள்ளத்தாக்கைத் தாங்கிப் பிடிக்க அவசரமாகக் கொண்டுவரப்பட்டது 8ஆம் இந்திய டிவிஷன். புத்தாண்டை ஒட்டி அந்த வீரர்கள் முன்னேறிப் பார்காவையும் சுற்றுப்புற ஊர்களையும் மீண்டும் கைப்பற்றினார்கள். பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் வந்த இளைஞர்கள், சொந்த நாடு அடிமைப்பட்டிருக்க, பெயர் வாயில் நுழையாத இந்த மலையூர்களின் பனியில் நின்றார்கள். இந்திய வரலாற்றுப் பாடநூல்கள் இவர்களுக்கு ஒரு பத்தியாவது கடன்பட்டிருக்கின்றன.

நிலமும் நீரும்

பள்ளத்தை உண்டாக்கிய அதே இழுவை நிலநடுக்கத்தையும் கொடுக்கிறது. 1920 செப்டம்பர் 7 காலை, எட்டு மணியை நெருங்கும்போது கார்ஃபஞ்ஞானாவும் பக்கத்து லுனிஜியானாவும் குலுங்கின. அளவு சுமார் 6.5. வில்லா கொல்லெமந்தீனா போன்ற ஊர்கள் தரைமட்டமாயின. இறந்தோர் 171. முந்தின நாள் ஒரு சிறு நடுக்கம் வந்திருந்ததால் பலர் வீட்டுக்குள் போக அஞ்சினார்கள். அந்த நேரத்தில் வயலுக்குப் போயிருந்தவர்களும் பலர். இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். பார்கா கதீட்ரலும் சிதைந்தது. இன்று நாம் பார்ப்பது, பல ஆண்டுகள் எடுத்துச் சீரமைத்த கட்டடம். உள்ளே இருக்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரசங்க மேடையின் தூண்களில் சிலவற்றைச் சிங்கங்கள் தாங்குகின்றன. ஒன்றை மட்டும் முதுகு வளைந்த ஒரு மனிதன் தாங்குகிறான்.

அந்த முந்தின நாள் நடுக்கம்தான் 1985இல் ஒரு பெரிய முடிவுக்குக் காரணமானது. அந்த ஆண்டு ஜனவரி 23 அன்று கார்ஃபஞ்ஞானாவில் மிதமான ஒரு நடுக்கம். 1920ஐப் போலப் பெரியது பின்னால் வரலாம் என்று நிபுணர்கள் அஞ்சினார்கள். பேரிடர்ப் பாதுகாப்பு அமைச்சர் ஜுசெப்பே ஸம்பெர்லெத்தி தொலைக்காட்சி வழியாக எச்சரிக்கை விடுத்து, பள்ளத்தாக்கைக் காலி செய்யச் சொன்னார். குளிர்கால இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். நிலம் அசையவில்லை. பிறகு, பீதி கிளப்பினார் என்று ஸம்பெர்லெத்தி மீது விசாரணை நடந்தது. அவர் செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது. வராத நிலநடுக்கத்துக்காக ஓர் அமைச்சரைக் குற்றம் சாட்டும் சமூகம், வந்த நிலநடுக்கத்துக்காகவும் அவரையே குற்றம் சாட்டும். அந்த இரவு பள்ளத்தாக்குக்கு ஒரு நன்மையும் செய்தது. பழைய வீடுகள் எவ்வளவு பலவீனமானவை என்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேச வேண்டியதாயிற்று.

நீர் விழுங்கிய ஊரின் கதை வேறு. ஃபப்ரிக்கே தி கரெஜ்ஜினே என்ற ஊரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஷா பக்கமிருந்து வந்த இரும்புக் கொல்லர்கள் உருவாக்கினார்கள். மின்சாரத்துக்காக எத்ரோன் ஓடையில் அணை கட்டியபோது, போர் முடிந்த கையோடு, ஊரைக் காலி செய்தார்கள். 31 வீடுகள், 146 பேர். வால்யி ஏரிக்குள் வீடுகளும் மூன்று வளைவுப் பாலமும் சான் தெயொதோரோ தேவாலயமும் அமிழ்ந்தன. அணையைப் பழுதுபார்க்க நீரை வடித்த 1958, 1974, 1983, 1994 ஆகிய ஆண்டுகளில் ஊர் வெளியே தெரிந்தது. 1994இல் அதைப் பார்க்க வந்த கூட்டத்தால் மலைச்சாலைகள் திணறின. மறுபடி எப்போது வடிப்பார்கள் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் பயண நிறுவனங்கள் பரபரக்கின்றன. ஊர் இருந்தபோது அதைப் பார்க்க யாரும் வரவில்லை.

ஏரிக்கு மேலே சலவைக்கல் குவாரிகள். அப்புவான் மலைகளுக்கு 1985இல் மண்டலப் பூங்கா என்ற பாதுகாப்பு வந்தது. குவாரிகள் நிற்கவில்லை. கல் அறுக்கும்போது உதிரும் மாவு மழையில் கரைந்து ஓடைகளைப் பால்நிறமாக்குகிறது. மலைக்குள் இருக்கும் குகைகளிலும் நீர்வழிகளிலும் போய் அடைகிறது. குவாரி வேலை இல்லாவிட்டால் இந்த மேல் ஊர்களில் இன்னும் சில வீடுகள் பூட்டப்பட்டிருக்கும் என்பதும் உண்மை. வெட்டிய மலை திரும்ப வளராது என்பது அதைவிடப் பெரிய உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், செஸ்நட் தோப்பைப் பராமரிப்பவருக்குக் குவாரித் தொழிலாளியின் கூலியில் பாதியாவது கிடைக்க அரசு வழி செய்திருந்தால் இந்தக் கேள்வியே இவ்வளவு கூர்மையாக எழாது என்பேன்.

பூட்டிய வீடும் திறந்த களமும்

ஃபப்ரிக்கே தி வெர்ஜெமொலி நகராட்சி, கைவிடப்பட்ட வீடுகளை 1 யூரோவுக்குக் கொடுக்கும் திட்டத்தில் சேர்ந்த இத்தாலிய ஊர்களில் ஒன்று. வாங்குபவர் குறித்த காலத்தில் செப்பனிட வேண்டும். வெளிநாட்டவர் ஆர்வமாக வருகிறார்கள். துர்ரீத்தே செக்கா ஓடைக்கரையில் இருக்கும் ஈஸொலா சாந்தாவில், அணை நீர் ஏறி இறங்கியதில் வீடுகள் விரிசல் விட்டு மக்கள் வெளியேறினார்கள். சாம்பல்நிறக் கல் வேய்ந்த அந்தக் கூரைகளைச் சரிசெய்து இன்று பயணிகள் தங்கும் அறைகளாக்கியிருக்கிறார்கள். கூரை நின்றது நல்லது. ஆனால் குளிர்காலத்தில் அந்த அறைகளில் யார் இருப்பார்கள்? பள்ளிக்கூடமும் மருத்துவரும் பேருந்தும் இல்லாத ஊரில் விடுமுறைக்காரர் இருப்பார், குடும்பம் இராது. கீழே ஃபோர்னாச்சி தி பார்காவில் 1916 வாக்கில் தொடங்கிய உலோக ஆலை தலைமுறைகளுக்கு வேலை கொடுத்தது. மேலே வீடு, கீழே ஷிப்டு என்று வாழ முடிந்ததால்தான் பல மலையூர்கள் உயிர் பிழைத்தன. மலையூரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு அது.

அப்பெனைன் கணவாயில், 1,525 மீட்டர் உயரத்தில் சான் பெல்லெக்ரீனோ இன் ஆல்ப்பே. யாத்ரீகர்களும் வணிகர்களும் பனியில் சாகாமல் இருக்கக் கட்டிய பழைய சத்திரம் அங்கே இருக்கிறது. மலைமக்கள் தூக்கி எறியத் தொடங்கிய கலப்பை, தறி, நேச்சோ சுடும் தட்டு, தொட்டில், ஆட்டு மணி என ஆயிரக்கணக்கான பொருள்களைத் தொன் லூயிஜி பெல்லெக்ரீனி என்ற பாதிரியார் சேர்த்து அங்கே அருங்காட்சியகமாக்கினார். அறை அறையாகப் பார்த்து வரும்போது இந்த மலையில் எத்தனை விதமான வேலை நடந்தது என்று தெரிகிறது.

எல்லாமே கண்ணாடிப் பேழைக்குள் போய்விடவில்லை. ‘மஜ்ஜோ’ என்ற பாட்டு நாடகம் இன்னும் நடக்கிறது. ஓர்லாந்தோவும் அரசர்களும் மூர் வீரர்களும் வரும் கதைகள். தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டு, வசனமே கிடையாது. வயலினும் அக்கார்டியனும் துணை. மேடை இல்லை, செஸ்நட் மரங்களுக்கு நடுவே ஒரு வெளி, சுற்றிலும் ஊர். நடிப்பவர்கள் விவசாயிகள், ஆலைத் தொழிலாளிகள், குவாரிக்காரர்கள், அவர்களின் பிள்ளைகள். புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அடியெடுத்துக் கொடுப்பவர் ஒளிந்துகொள்வதில்லை. நடிகர்களின் பின்னாலேயே களத்தில் நடந்துவருவார், யாருக்கும் அது குறையாகத் தெரியாது. அரியோஸ்தோ வெறுத்த இந்த மலையில் அவருடைய காவிய வீரர்களைப் பாட்டில் உயிரோடு வைத்திருப்பது, அவர் ஆள முடியாமல் தவித்த அதே ஊர்களின் வழிவந்தவர்கள்.

பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம் போய், இன்று பெண்கள் பாடுகிறார்கள். இன்னொன்றும் மாறியிருக்கிறது. மே மாதத்து வசந்தத்தை வரவேற்க எழுந்த ஆட்டம் இது. இப்போது பெரும்பாலும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஆடுகிறார்கள். லூக்காவிலும் ஜெனோவாவிலும் கிளாஸ்கோவிலும் இருப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்புவது அப்போதுதான். களத்தைச் சுற்றி நிற்க அன்றைக்குத்தான் ஆள் இருக்கும்.